செங்கல் தூள் மேல் இரட்டையர் ஆட்டம்: 1950-களின் ரோலண்ட் காரோஸ் தரை

1953-இல் ஒரே இரண்டு ஜோடிகள் சில வார இடைவெளியில் இரண்டு மகளிர் டென்னிஸ் இரட்டையர் இறுதிப் போட்டிகளில் மோதின. பிரெஞ்சுப் போட்டி நடக்கும் பாரிஸின் ரோலண்ட் காரோஸ் செம்மண் தரையில் ஷெர்லி ஃபிரை – டோரிஸ் ஹார்ட் ஜோடி, மௌரீன் கனோலி – ஜூலியா சாம்ப்சன் ஜோடியை 6-4, 6-3 என்று வென்றது. விம்பிள்டன் புல்தரையில் அதே நால்வர் ஆடியபோது ஸ்கோர் 6-0, 6-0. கனோலி லேசுப்பட்டவர் அல்ல. அந்த ஆண்டு நான்கு பெரிய ஒற்றையர் பட்டங்களையும் அள்ளியவர். பாரிஸ், விம்பிள்டன் இரண்டிலும் ஒற்றையர் இறுதியில் ஹார்ட்டையே தோற்கடித்தவர். ஆனால் அவருடைய பலம் பேஸ்லைனில், அதாவது களத்தின் பின்கோட்டில், இருந்தது. ஃபிரையும் ஹார்ட்டும் வலையோரத்தில் சேர்ந்து நிற்பதில் கைதேர்ந்தவர்கள். பிரெஞ்சு பட்டத்தை 1950 முதல் 1953 வரை தொடர்ந்து நான்கு முறை வாங்கியவர்கள்.

இரண்டு ஸ்கோரை மட்டும் வைத்து எல்லாப் பழியையும் தரை மேல் போட முடியாது. ஆனாலும் தரை எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

இரட்டையர் ஆட்டத்தில் பந்து தரையைத் தொடுவதே குறைவு. வலையோரம் நிற்பவர் பந்தை அந்தரத்திலேயே அடித்துவிடுகிறார். அந்தப் பந்துக்குப் புல் என்ன, செங்கல் என்ன? சர்வீஸ் பந்து எழும்பும்போதும், இப்படி அந்தரத்தில் அடித்த பந்து (வாலி) எதிரணியின் பக்கம் விழும்போதும், தலைக்கு மேல் தூக்கிய லாப் பின்னால் இறங்கும்போதும்தான் தரை ஆட்டத்துக்குள் வருகிறது. இவை போக ஆடுபவர்களின் பாதங்கள் எப்போதும் தரையில்தான் இருக்கின்றன.

சர்வீஸை எடுத்துக்கொள்வோம். சர்வீஸ் கோட்டை (சர்வீஸ் பந்து விழ வேண்டிய கட்டத்தின் பின்கோடு) ஒட்டி, சுழற்சி இல்லாமல் ஒரு பந்து விழுகிறது. தரைக்கு இணையான வேகம் நொடிக்கு 25 மீட்டர், கீழ்நோக்கிய வேகம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். செம்மண்ணுக்கு உராய்வுக் கெழு (தரை பந்தைப் பிடித்து இழுக்கும் அளவு) 0.7, மீள்தன்மைக் கெழு (விழுந்த வேகத்தில் எவ்வளவு வேகத்தோடு எழும்பும் என்ற விகிதம்) 0.85; புல்லுக்கு 0.6, 0.75. இவை மாதிரி எண்கள்தான். ஒவ்வொரு தரைக்கும், ஒவ்வொரு நாளுக்கும் மாறும். பந்து தரையில் வழுக்கிக்கொண்டே எழும்பினால், அது இழக்கும் கிடைவேகம் = உராய்வுக் கெழு × (1 + மீள்தன்மைக் கெழு) × கீழ்நோக்கிய வேகம். செம்மண்ணில் இழப்பு 7.8, மிஞ்சுவது நொடிக்கு 17.2 மீட்டர். புல்லில் இழப்பு 6.3, மிஞ்சுவது 18.7.

“செம்மண் பந்தை மெதுவாக்கும்” என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆனால் அந்த வித்தியாசம் சிறிது. பந்து விழுந்த இடத்திலிருந்து 6 மீட்டர் தள்ளி, அதாவது பேஸ்லைனுக்குச் சற்றுப் பின்னால் நிற்பவருக்கு அதிகமாகக் கிடைப்பது ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்குகூட இல்லை. ஆட்டத்தை மாற்றுவது உயரம். அதே 6 மீட்டரில் செம்மண் பந்து 1.18 மீட்டர் உயரத்தில் வருகிறது. புல்தரைப் பந்து 0.94 மீட்டரில். வலையின் நடு உயரம் 0.914 மீட்டர். ஆக, புல்லில் பந்து வலைமட்டத்தை அப்போதுதான் தாண்டிக்கொண்டிருக்கும்போது ராக்கெட்டில் படுகிறது; அதைத் தூக்கித்தான் அடிக்க வேண்டும், தூக்கிய பந்தை எதிரே நிற்பவர் நறுக்கிவிடுவார். செம்மண்ணில் அதைக் கிட்டத்தட்ட நேராகவே, இருவருக்கும் நடுவிலோ காலடியிலோ செலுத்தலாம். முதல் துள்ளலில் பந்து வலைமட்டத்துக்கு மேலே இருக்கும் நேரத்தையும் பாருங்கள்: புல்லில் சுமார் 0.31 நொடி, செம்மண்ணில் 0.58. காற்றுத் தடையைச் சேர்த்தால் எண்கள் கொஞ்சம் இறங்கும். விகிதம் பெரிதாக மாறாது.

இந்த உயரத்தைத் தருவது மேலே தெரியும் சிவப்பு அல்ல. ரோலண்ட் காரோஸில் செங்கல் தூள் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். 36.6 × 18.3 மீட்டர் களம் முழுவதற்கும் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர். அதற்கு அடியில் 6 முதல் 8 செ.மீ. நொறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல், உருளை ஓட்டி இறுக்கியது. பந்து மோதுவது உண்மையில் இதன்மேல்தான். மீள்தன்மை இதிலிருந்து வருகிறது, உராய்வு தூளிலிருந்து வருகிறது. அதற்கும் கீழே எரிந்த நிலக்கரிக் கசடு, பிறகு சரளை, அடியில் பெரிய கற்கள், வடிகால். எல்லாம் சேர்ந்து 80 செ.மீ. ஆழம்.

சுண்ணாம்புக்கல் நுண்துளைகள் நிறைந்தது. இரவில் ஊற்றும் தண்ணீரை அது உறிஞ்சி வைத்துக்கொண்டு, பகலில் மெல்ல மேலே விடுகிறது. கசடு ஈரத்தைத் தாங்கி நிற்கும். மிஞ்சிய நீரைச் சரளை கீழே இறக்கும். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் கால்சியம் குளோரைடு உப்பையும் தூவுவார்கள். செம்மண் களத்தைப் பராமரிப்பது என்றால் பெரும்பாலும் ஈரத்தைப் பராமரிப்பதுதான். ஈரம் குறைந்தால் தூள் காற்றில் பறக்கும், வெள்ளைக்கல் தலைகாட்டும், அங்கே பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாகப் போகும். ஈரம் கூடினால் பந்தின் கம்பளி தண்ணீரையும் தூளையும் சேர்த்து அப்பிக்கொள்ளும். கனத்த பந்து எழும்பாது. அன்றைய விதிப்படி புதுப் பந்தின் எடை 56.7 முதல் 58.5 கிராம், ஈரக் களத்தில் சில கேம்களிலேயே அந்த வரம்பைத் தாண்டிவிடும். அன்று பந்துகள் வெள்ளை. செங்கல் நிறம் ஏறிய வெள்ளைப் பந்தைச் சிவப்புத் தரையின் பின்னணியில், வலையோரத்தில் நின்று கண்டுபிடிப்பது சள்ளைபிடித்த வேலை.

ஆட்டம் முடிந்ததும் தூளைச் சமமாகப் பரப்ப வலைப்பாயைக் களத்தின் மேல் இழுப்பார்கள். வெளி ஓரத்தில் தொடங்கி, சுற்றிச்சுற்றி உள்ளே வர வேண்டும். ஆடுபவர்களின் கால்கள் தூளை வெளியேதான் தள்ளுகின்றன. பாயையும் உள்ளிருந்து வெளியே இழுத்தால் ஓரம் மேடாகி நடு மொட்டையாகும். அதற்கு முன்னால் குழிகளைக் காலால் நிரவி மிதிக்க வேண்டும். இல்லையென்றால் பாய் குழியைத் தூளால் மூடிவிட்டுப் போகும். பார்க்கச் சமமாக இருக்கும், பந்து விழுந்தால் செத்துவிடும். குழி விழும் இடமும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஒற்றையரில் தேய்வது பெரும்பாலும் பேஸ்லைன் நடு. இரட்டையரில் சர்வீஸ் போட்டவர் ஓடிவந்து முதல் வாலிக்காகக் கால் ஊன்றும் இடம், அதாவது சர்வீஸ் கோட்டை ஒட்டிய பட்டை, தொடர்ந்து கிளறப்படும். சர்வீஸ் விழும் இடமும் அதுவே.

கால்களுக்கு வருவோம். செம்மண்ணில் சறுக்கி நிற்கத் தெரிந்தவருக்கு அது வரம். வலையோரத்தில் நிற்பவருக்கு அதுவே கண்டம். குறுக்கே பாய்ந்து பந்தைப் பறிக்க முதல் அடி வெடிப்பாக இருக்க வேண்டும். தளர்ந்த தூளில் அந்த அடி வழுக்குகிறது. ஒரு பக்கம் சாய்ந்தபின் எதிராளி மறுபக்கம் அடித்தால் திரும்ப முடியாது. பின்னோக்கி ஓடி லாபை எடுப்பது இன்னும் மோசம். லாப் நல்ல ஆழத்தில் விழுந்தால் செம்மண்ணில் உயரமாக எழும்பிப் பின்சுவர்ப் பக்கம் போகும். வலையை விட்டு இருவரும் ஓட வேண்டியதுதான். 1950-களின் விதிப்படி சர்வீஸ் அடிக்கும் வரை ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும் என்பதால், துள்ளிக்கொண்டே வலைக்கு ஓடும் வசதியும் இல்லை. கையில் இருந்ததோ சிறு முகம் கொண்ட மர ராக்கெட், ஆட்டு அல்லது மாட்டுக் குடல் நரம்பு. இன்று போல் பந்தை முன்னோக்கி வேகமாகச் சுழலவிடும் கனத்த டாப்ஸ்பின் போட முடியாது. திறமை எல்லாம் பந்தை எங்கே வைப்பது என்பதில் இருந்தது.

இத்தனையும் சேர்ந்தால் பாயிண்டுகள் நீளும். 6-6 ஆனால் ஒரே கேமில் செட்டை முடிக்கும் டைபிரேக் இல்லாத அந்தக் காலத்தில் செட்டும் நீளும். 1956 இறுதியில் அமெரிக்காவின் ஆல்தியா கிப்சனும் பிரிட்டனின் ஏஞ்செலா பக்ஸ்டனும் டார்லீன் ஹார்டு – டோரத்தி ஹெட் நோட் ஜோடியை 6-8, 8-6, 6-1 என்று வென்றார்கள். முதல் இரண்டு செட்டுகளுக்கே 28 கேம்கள். அதே வாரம் கிப்சன் ஒற்றையர் பட்டத்தையும் வென்று, கிராண்ட்ஸ்லாம் பட்டம் பெற்ற முதல் கறுப்பின வீராங்கனை ஆனார். அந்த இறுதியின் இரண்டாவது செட் 12-10. உயரமான, கை நீளமான கிப்சனைத் தாண்டி லாப் தூக்குவது கடினம். செம்மண் வலையாட்டத்தைப் பலவீனப்படுத்தினாலும் அவரிடம் அது முழுதாகச் செல்லாததற்கு இது ஒரு காரணம் என்பேன்.

கோடுகள் இன்னொரு தொல்லை. அக்காலச் செம்மண் களங்கள் பலவற்றில் கோடு என்பது ஆணி அடித்துப் பதித்த நாடா. சுண்ணாம்பு வறண்டு இறங்கினால் நாடா மேலே துருத்தும். அதில் பட்ட பந்து தூளின் பிடியில்லாமல் விர்ரென்று வழுக்கும், விளிம்பில் பட்டால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. களம் இரட்டையருக்கு 8.23 மீட்டரிலிருந்து 10.97 மீட்டராக அகலமாவதால் பக்கக்கோடுகள் கூடுதலாக இரண்டு.

சர்ச்சை வந்தால் நடுவர் இறங்கிவந்து தடத்தைப் பார்ப்பார். செங்குத்தாக விழுந்த லாப் வட்டமான தடம் பதிக்கும். தட்டையாக அடித்த பந்து நீளமான முட்டை வடிவத்தில் பதியும்: தரையைத் தொட்டிருக்கும் சுமார் 5 மில்லிநொடிக்குள், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பந்து 10 செ.மீ. நகர்ந்துவிடுகிறது. தடத்தின் எந்த ஓரமாவது கோட்டைத் தொட்டிருந்தால் பந்து உள்ளே. நான்கு பேர் ஓடும் களத்தில் உடனே போய்ப் பார்க்காவிட்டால், யாராவது ஒருவரின் ஷூ அந்தத் தடத்தை அழித்திருக்கும்.