13.65 மீட்டர் கூடுதல்: ஒரு டேனிஷ் சிற்றூர் கிளப் கோல் அடிக்கும் கணக்கு

டென்மார்க்கின் ஜட்லாந்து தீபகற்பத்தின் நடுவே, கடற்கரையை விட்டுத் தள்ளி, ஒரு காலத்தில் வெறும் புதர் மண்டிய மணல்வெளியாகக் கிடந்த நிலத்தில் இருக்கிறது ஹெர்னிங். மக்கள்தொகை சுமார் 50,000. துணித் தொழிலும் வணிகக் கண்காட்சிகளும் வளர்த்த ஊர். பக்கத்து ஊரான இகாஸ்ட் அதைவிடச் சிறியது. இந்த இரண்டு ஊர்களுக்கும் பொதுவான கால்பந்து கிளப் எஃப்சி மிட்யூலன். 2015 முதல் 2024 வரையிலான காலத்தில் டென்மார்க்கின் முதல்நிலை லீக்கான சூப்பர்லீகாவை நான்கு முறை வென்றிருக்கிறது. அதன் மைதானத்தில் ஏறத்தாழ 12,000 பேர்தான் உட்கார முடியும். கோபன்ஹேகனின் பெரிய கிளப்புகளுக்கு இருக்கும் வருமானமோ ரசிகர் படையோ இதற்கு இல்லை. பிறகு எப்படி வென்றது? பதிலின் பெரும்பகுதி புள்ளியியலிலும் கொஞ்சம் இயற்பியலிலும் இருக்கிறது.

முதலில் வரலாறு. 1918இல் தொடங்கிய ஹெர்னிங் ஃப்ரெமாத், 1935இல் தொடங்கிய இகாஸ்ட் எஃப்எஸ் இரண்டும் பரம எதிரிகள். இகாஸ்ட் மூன்று முறை டேனிஷ் கோப்பை இறுதிப் போட்டிக்குப் போய் மூன்றிலும் தோற்றது. இரண்டும் தனித்தனியாக இருந்தால் தலைநகரத்து அணிகளுக்கு ஈடுகொடுக்கவே முடியாது என்று கார் விற்பனையாளர் ஸ்டீன் ஹெசலும் தச்சுத் தொழில் நடத்திய ஜானி ரூனேவும் முடிவு செய்தார்கள். 1999 ஜூலையில் இரு அணிகளும் இணைந்தன. ஒரே ஆண்டில் புதிய கிளப் சூப்பர்லீகாவுக்கு ஏறியது. 2004இல் ஹெர்னிங்கில் புதிய மைதானம் எழுந்தது. ஆனால் கோப்பை மட்டும் வரவில்லை. 2003, 2005, 2010, 2011 என நான்கு கோப்பை இறுதிகளில் தோல்வி. 2007, 2008 லீக்குகளில் இரண்டாம் இடம்.

2004இல் இகாஸ்ட்டில் தொடங்கிய பயிற்சிக்கழகம்தான் இந்தக் கிளப்பின் முதல் பெரிய முதலீடு. பிரான்ஸின் நான்ட் கிளப் இளைஞர்களை உருவாக்கிய முறையைப் பார்த்து அமைத்தது. வீரரை விலை கொடுத்து வாங்கப் பணம் இல்லாதவர்கள் வீரரை வளர்த்து விற்றாக வேண்டும். முதல் தொகுதியில் சேர்ந்த சிறுவர்களில் ஒருவர் சிமோன் கியேர், பின்னாளில் டென்மார்க் அணியின் தலைவர். அங்கே அப்போது பயிற்சியாளராக இருந்த ராஸ்முஸ் ஆங்கர்சன் சொல்லும் ஒரு தகவல் முக்கியமானது. இந்தச் சிறுவர்களில் யார் அதிக உயரம் போவார்கள் என்று பயிற்சியாளர்களைப் பெயர் எழுதச் சொன்னபோது, கியேரின் பெயரை ஒருவர்கூட எழுதவில்லை. 2008இல் அதே கியேரை இத்தாலியின் பலெர்மோ வாங்கியது. அனுபவசாலிகளின் கண் இவ்வளவு தவறுமென்றால், கண்ணை மட்டும் நம்பி அணி கட்டக்கூடாது என்பதே ஆங்கர்சன் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்.

2014இல் கிளப்புக்குப் பண நெருக்கடி. அப்போது பெரும்பான்மைப் பங்கை வாங்கியவர் மாத்யூ பென்ஹாம். இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டு கிளப்பின் உரிமையாளர். கால்பந்துப் பந்தயங்களுக்குப் புள்ளியியல் மாதிரிகள் உருவாக்கும் நிறுவனம் நடத்தியவர். ஆங்கர்சன் கிளப்பின் தலைவரானார்.

பந்தயக் கணக்குக்காரர்கள் கால்பந்தைப் பார்க்கும் விதம் வேறு. ஸ்கோரைவிட வாய்ப்பின் தரத்தைத்தான் அவர்கள் முதலில் எண்ணுகிறார்கள். எதிர்பார்ப்பு கோல் என்ற அளவு இப்படிக் கிடைக்கிறது: கடந்த ஆண்டுகளின் பல்லாயிரம் ஷாட்களை எடுத்து, ஒவ்வொன்றின் தூரம், கோணம், காலா தலையா, எந்த மாதிரி பாஸிலிருந்து வந்தது என்பதையெல்லாம் பதிவு செய்து, அதே நிலையில் அடித்தவற்றில் எத்தனை பங்கு கோலானது என்று கணிக்கிறார்கள். பெனால்டிக்கு ஏறத்தாழ 0.76 முதல் 0.79. 25 மீட்டரிலிருந்து அடிக்கும் ஷாட்டுக்கு 0.03 அளவில்தான். காரணத்தில் பாதி வடிவியல். கோலின் அகலம் 7.32 மீட்டர், நேர் எதிரே 11 மீட்டரில் நின்றால் அது கண்ணுக்கு 37 பாகைக் கோணத்தில் விரியும், 25 மீட்டரில் 17 பாகையாகச் சுருங்கிவிடும். மீதிப் பாதி, இடையில் நிற்கும் ஆட்கள்.

இந்த அளவு ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரி 1.5 கோலுக்கான வாய்ப்புகளையும், எதிரணி 1.0 கோலுக்கானதையும் உருவாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அரிதாக நடக்கும் நிகழ்வுகளைக் கணிக்க உதவும் பாய்சான் பரவல் என்ற புள்ளியியல் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் சிறந்த அணி வெல்வது 49 விழுக்காடு, டிரா 26, தோற்பது 25. தெளிவாக மேலான அணி நான்கில் ஓர் ஆட்டத்தில் தோற்கிறது! தொடர்ந்து மூன்று தோல்வி வந்தால் பயிற்சியாளரை மாற்றும் வழக்கம் எவ்வளவு அவசரமானது என்பது இதிலேயே தெரியும். மிட்யூலனில் புள்ளிப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே வாய்ப்புகளின் பட்டியலையும் வைத்துப் பார்த்தார்கள். இடைவேளையில்கூட முதல் பாதியின் தரவு பயிற்சியாளர் குழுவுக்குப் போனது.

வீரர்களை வாங்குவதிலும் இதே முறைதான். எல்லா நாட்டு அணிகளையும் ஒரே அளவுகோலில் வரிசைப்படுத்தினால், இரண்டாம் நிலை லீக்கில் ஆடும் சில அணிகள் உண்மையில் முதல்நிலைத் தரத்தில் இருப்பது தெரியவரும். அவற்றின் வீரர்களுக்குச் சந்தை விலை குறைவு. ஜெர்மனியின் இரண்டாம் நிலையில் கிரொய்த்தர் ஃபூர்த்துக்கு ஆடிய பின்லாந்து நடுக்கள வீரர் டிம் ஸ்பார்வ் 2014இல் அப்படி வந்தவர். கோல் அடிப்பவர் அல்ல. இடத்தை அடைத்து நிற்பவர். அப்படிப்பட்டவரின் மதிப்பு சாதாரணப் புள்ளிவிவரத்தில் விழாது.

இனி செட் பீஸ், அதாவது நிறுத்தி வைத்து ஆடும் பந்துகள்: கார்னர், ஃப்ரீ கிக், பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் உள்ளே எறியும் த்ரோ இன். என் கருத்தில் இந்தக் கிளப்பின் மிகப் பெரிய பங்களிப்பு இங்கேதான். பொதுவாக நூறு கார்னரில் மூன்று கோல் அளவுக்குத்தான் கிடைக்கும். ஆட்டத்துக்கு ஐந்து கார்னர் என்றால் 33 ஆட்டங்களில் 165. அதில் ஐந்து கோல். இது அற்பம் என்று பலரும் விட்டுவிட்டார்கள். மிட்யூலன் வேறு கோணத்தில் பார்த்தது. ஓடும் ஆட்டத்தில் ஐந்து கோல் கூட்ட வேண்டுமென்றால் விலை உயர்ந்த முன்கள வீரர் வேண்டும். நின்ற பந்தில் கூட்டுவதற்கு வேண்டியது பயிற்சி நேரமும், உயரமான ஆட்களும், பந்தைச் சொன்ன இடத்தில் இறக்கும் காலும் மட்டுமே. பந்தை உதைப்பதற்கென்றே தனிப் பயிற்சியாளரைக் கொண்டுவந்தார்கள். யார் எந்தத் தடுப்பாளரின் பாதையை மறிப்பது, யார் கோல்கீப்பர் முன் நிற்பது, வெளியே தெறிக்கும் இரண்டாம் பந்துக்கு யார் காத்திருப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒத்திகை நடந்தது.

2014–15 பருவத்தில் அவர்கள் அடித்த 64 கோல்களில், ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஒன்று நின்ற பந்திலிருந்து வந்தது. புள்ளிகள் 71. இரண்டாமிடம் வந்த எஃப்சி கோபன்ஹேகனுக்கு 67. கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வேறுபாடு, ஒன்று கூடினால் பருவ முடிவில் சுமார் 0.6 முதல் 0.7 புள்ளி கூடும் என்பது லீக்குகளில் பொதுவாகக் காணும் உறவு. நான்கு புள்ளி இடைவெளி என்பது ஆறேழு கோல்தான். கிளப்பின் முதல் சாம்பியன் பட்டம் அந்த அளவு மெல்லிய விளிம்பில் நின்றது.

நின்ற பந்துகளில் அதிகம் கவனிக்கப்படாமல் இருந்தது த்ரோ இன். ஓர் ஆட்டத்தில் 40 முதல் 60 முறை வரும், ஆனால் பெரும்பாலான கிளப்புகளில் அதற்குத் தனிப் பயிற்சியே இருந்ததில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் க்ரொன்னமார்க் அதையே தொழிலாக்கினார். 2010இல் கைகளை ஊன்றிக் கரணமடித்து எறியும் முறையில் 51.33 மீட்டர் எறிந்து உலக சாதனை படைத்தவர். மிட்யூலனில் அவரிடம் பயின்ற இடது பின்கள வீரர் ஆந்திரியாஸ் பவுல்சனின் எறிதூரம் 24.25 மீட்டரிலிருந்து 37.90 மீட்டராக உயர்ந்தது.

இந்த எண்களை மைதானத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அகலம் 68 மீட்டர். பக்கக் கோட்டிலிருந்து கோலின் அருகிலுள்ள கம்பத்துக்கு 30.34 மீட்டர், தூரக் கம்பத்துக்கு 37.66 மீட்டர். கோலுக்கு நேர் முன்னே வரைந்திருக்கும் சிறிய பெட்டியின் விளிம்பு 24.84 மீட்டரில் தொடங்குகிறது. ஆக, முன்பு பவுல்சனின் பந்து சிறிய பெட்டியைத் தொடுவதற்கே சற்றுக் குறைந்தது. பிறகு அது தூரக் கம்பத்தையே எட்டியது. எறிந்து எட்டக்கூடிய அரைவட்டப் பரப்பும் சுமார் 920 சதுர மீட்டரிலிருந்து 2,260 ஆகிறது. எதிரணி இப்போது இரண்டரை மடங்கு இடத்தைக் காக்க வேண்டும்.

அந்த 13.65 மீட்டர் எங்கிருந்து வருகிறது? காற்றுத் தடையை விட்டுவிட்டு, 2.2 மீட்டர் உயரத்தில், 30 பாகைக் கோணத்தில் பந்து விடுபடுகிறது என்று கொண்டால், 24.25 மீட்டருக்கு நொடிக்கு 15.4 மீட்டர் வேகம் வேண்டும், 37.90க்கு 19.75. வேகத்தில் 28 விழுக்காடு கூடினால் தூரத்தில் 56 விழுக்காடு கூடுகிறது, ஏனெனில் தூரம் வேகத்தின் இருபடியை ஒட்டி வளர்வது. கோணம் ஏன் 45 பாகை இல்லை என்ற கேள்வி நியாயமானது. பாடப்புத்தகத்து 45 பாகை, எந்தக் கோணத்திலும் வேகம் மாறாது என்று கொள்ளும். மனித உடல் அப்படி இயங்காது. மேல்நோக்கி எறிய எறிய வேகம் குறைகிறது. அதனால் சிறந்த கோணம் 30 பாகை அருகே இறங்கிவிடுகிறது. தட்டையாகப் போகும் பந்து சீக்கிரமும் போய்ச் சேரும்.

வேகம் தோளில் மட்டும் பிறப்பதில்லை. சில அடிகள் ஓடிவந்து, கடைசி அடியில் முன்கால் ஊன்றி நிற்கும்போது ஓட்டத்தின் வேகம் உடம்புக்குள் ஏறுகிறது. முதுகு வில்லாக வளைந்து, இடுப்பு முதலில் முன்னே வர, பிறகு வயிறு, தோள், முழங்கை, கடைசியாக மணிக்கட்டும் விரல்களும். இந்த வரிசை குலைந்தால் வலு வீணாகும். பந்தைச் சீக்கிரம் விட்டால் அது மேலே போய்த் தொங்கும், தாமதித்தால் காலடியிலேயே விழும். விரல்கள் கடைசியாகத் தரும் பின்சுழற்சி பந்தைக் காற்றில் கொஞ்சம் தாங்குகிறது. மழையில் ஈரப் பந்து வழுக்கும் என்பதால் துண்டு தயாராக இருக்க வேண்டும். இரு பாதங்களிலும் ஏதாவது ஒரு பகுதி தரையில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும், பந்து இரு கைகளாலும் தலைக்குப் பின்னாலிருந்து மேலாக வர வேண்டும். வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பின்காலைத் தூக்கிவிடுவதுதான் வழக்கமான தவறு; பந்து எதிரணிக்குப் போய்விடும்.

விதிகள் த்ரோ இன்னுக்கு ஒரு சலுகையும் தருகின்றன. எறிந்த பந்தை நேராக வாங்குபவருக்கு ஆஃப்சைடு, அதாவது எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நின்று பந்தை வாங்கக் கூடாது என்ற தடை, கிடையாது. எனவே ஆட்கள் கோல் கோட்டின் மேலேயே நிற்கலாம். ஆனால் நடுவில் ஒரு சக வீரர் தலையால் தட்டிவிட்டால் அந்தக் கணத்தில் ஆஃப்சைடு விதி திரும்ப வந்துவிடும். நேரடியாகக் கோலுக்குள் எறிந்தாலும் கோல் இல்லை. பந்து 38 மீட்டர் போக 2 நொடிக்கு மேல் ஆகும், கோல்கீப்பர் வெளியே வந்து பிடிக்க அது போதும். அதனால்தான் அவரைச் சுற்றி ஆட்களை நெருக்கமாக நிறுத்துகிறார்கள். உயரமான நடுத் தடுப்பாளர்கள் எல்லோரும் முன்னே போய்விட்டால், கோல்கீப்பர் பிடித்த பந்தை உடனே வீசி எதிர்த்தாக்குதல் தொடங்கிவிடலாம். பின்னால் வேகமானவர்களை விட்டுவைப்பது கட்டாயம்.

நீள எறிதல் மட்டும் அல்ல, நெருக்கடியில் எறிந்த பந்தைத் தன் அணியே வைத்துக்கொள்வதையும் க்ரொன்னமார்க் பயிற்றுவிக்கிறார். 2018இல் அவர் லிவர்பூலுக்கும் பயிற்சி தரத் தொடங்கினார். அந்த அணி இத்தகைய பந்துகளைத் தக்கவைத்த விகிதம் ஒரே பருவத்தில் 45.4 விழுக்காட்டிலிருந்து 68.4 ஆனது. ஐரோப்பாவில் அதற்கு மேலே இருந்த ஒரே அணி மிட்யூலன்.

இந்த முறைகளுக்கு எல்லையும் உண்டு. 2016 பிப்ரவரி 18 அன்று ஹெர்னிங்கில் மான்செஸ்டர் யுனைடெட்டை 2–1 என வென்றார்கள். ஒரு வாரம் கழித்து அந்த அணியின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் 5–1 எனத் தோற்றார்கள். 2020இல் ஐரோப்பியக் கிளப்புகளின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்றை எட்டி, லிவர்பூல், அயாக்ஸ், அட்டலாண்டா குழுவில் ஆறு ஆட்டங்களில் இரண்டு புள்ளிதான் எடுத்தார்கள். பெரிய வேறுபாட்டை நின்ற பந்துகளால் மட்டும் ஈடுகட்ட முடியாது. வளர்த்து விற்கும் கிளப்புக்கு இன்னொரு சிக்கல், பயிற்சியின் பலனும் வீரரோடு போய்விடும். பவுல்சன் 2018இல் ஜெர்மனியின் மொன்ஷன்கிளாட்பாக்குக்குப் போனார். அடுத்த எறிபவரை முதலிலிருந்து தயாரிக்க வேண்டியிருந்தது. அதற்குள் மற்ற கிளப்புகளும் இதே பயிற்சிகளை எடுத்துக்கொண்டன. பொறுமையைக் கொள்கையாக வைத்திருந்த இந்தக் கிளப்பே 2022–23 பருவத்தில் இரண்டு பயிற்சியாளர்களை நீக்கியது. முடித்தது ஏழாம் இடத்தில்.

2023இல் பென்ஹாமிடமிருந்து டேனிஷ் ஆடைத் தொழிலதிபர் ஆண்டர்ஸ் ஹோல்க் போவ்ல்சன் பெரும்பான்மைப் பங்கை வாங்கினார். அடுத்த ஆண்டு தாமஸ் தாமஸ்பெர்க்கின் பயிற்சியில் நான்காவது பட்டம் வந்தது. கடைசி நாளில் சில்கபோர்குடன் 3–3 என டிரா செய்தார்கள். அதே நேரத்தில் பட்டத்துக்குப் போட்டியிட்ட ப்ரண்ட்பி, ஆர்ஹுஸ் நகரின் ஏஜிஎஃப் அணியிடம் 3–2 எனத் தோற்றது. 32 ஆட்டங்களுக்குப் பிறகு மிட்யூலனுக்கு 63 புள்ளி, ப்ரண்ட்பிக்கு 62.