குடிபெயர்ந்தார்களா, குடிபெயர்த்தார்களா?

"ஆத்தோரம் இருந்த மக்கள் பெரும்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தார்கள்"னு எழுதினா இலக்கணத்துல ஒரு தப்பும் இல்ல, ஆனா நடந்தது அது இல்லையே. பெயர்றது தன்வினை, அவங்களா கெளம்பிப் போறது. சென்னையில 2015 வெள்ளத்துக்கு அப்புறம் கூவம், அடையாறு கரையில இருந்த குடும்பங்கள்ல நெறைய பேர கவர்மென்டே வீட்ட இடிச்சு சிட்டிக்கு வெளிய இருக்குற பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்புச்சு, அதுக்கு சரியான வினை 'இடம்பெயர்த்தார்கள்', 'குடிபெயர்த்தார்கள்'. 'ந்' போய் 'த்' வந்தாத்தான் இத செஞ்சது வேற ஆளுன்னு தெரியும்.

பேச்சுல எல்லாத்துக்கும் 'ஷிப்ட் பண்ணிட்டாங்க'ன்னு முடிச்சிடுறோம், அதுல விருப்பப்பட்டு போனாங்களா இல்லையாங்கிறது காணாமப் போயிடுது.

'குடி'ன்னா வீடு, அந்த வீட்டுல இருக்குற குடும்பம், அந்த வம்சம், கடைசியில ஊர் சனம் மொத்தமும். குடித்தனம், குடிக்கூலி எல்லாம் இதுல இருந்து வந்ததுதான். சிலப்பதிகாரம் புகார் நகரத்தப் பெருமையா சொல்றப்போ 'பதியெழு அறியாப் பழங்குடி'ங்குது, அதாவது ஊர விட்டு எழுந்து போறதுன்னா என்னன்னே தெரியாத பழைய குடும்பங்க வாழ்ற ஊராம், அதுவே ஒரு ஊருக்குப் பெருமையா இருந்திருக்கு பாருங்க! பட்டினப்பாலை கரிகாலன் உறையூர வளர்த்தத சொல்றப்போ 'கோயிலொடு குடிநிறீஇ'ங்குது. நிறீஇன்னா நிறுத்தி, நிலைக்க வச்சு.

இன்னைக்கு அதுக்குக் கிட்டத்துல வர்ற சொல்லு 'குடியமர்த்து'. 'குடியேற்று'ன்னா கொண்டுபோய் ஒரு இடத்துல ஏத்தி விட்டதோட வேலை முடிஞ்சுது, அமர்த்துறதுன்னா அந்தக் குடும்பம் அங்க நிலைச்சு உக்காரணும். சாவி குடுத்தாச்சு, ஆனா பொழப்பும் பிள்ளைங்க ஸ்கூலும் இன்னும் சிட்டிக்குள்ளயே இருக்கு, தெனமும் பஸ்ஸ புடிச்சு ஓடணும்னா அத எப்படி குடியமர்த்தினதுன்னு சொல்றது? 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தோட பேர்லயே மறுவாழ்வும் மறுகுடியமர்வும் தனித்தனியா இருக்கு, வீடும் வாழ்க்கையும் ஒண்ணு இல்லன்னு சட்டத்துக்கே தெரியும்.

இலங்கையில இந்தச் சொல்லுங்களுக்கு கனம் இன்னும் ஜாஸ்தி. அங்க 'குடியேற்றம்'னாலே கிழக்குல 1949ல ஆரம்பிச்ச கல்லோயா ஆத்துப் பாசனத் திட்டம் மாதிரியானதுதான் ஞாபகம் வரும், வெளியில இருந்து ஆளுங்கள கொண்டாந்து ஏத்துறது. 'மீள்குடியேற்றம்'னா போரால ஊர விட்டுப் போனவங்க தங்க சொந்தக் காணிக்கே, அதாவது நிலத்துக்கே திரும்பிப் போறது. நம்ம ஊரு 'மறுகுடியமர்வு'ல வர்ற 'மறு' புது எடத்துக்கு அனுப்புது, அங்க 'மீள்' பழைய எடத்துக்குக் கூப்பிடுது, ரெண்டையும் மாத்திப் போட்டா அர்த்தமே தலைகீழாயிடும். முல்லைத்தீவு கேப்பாப்புலவு மக்களோட காணிய ராணுவம் வச்சுக்கிட்டு, பக்கத்துல மாதிரிக் கிராமம் ஒண்ணு கட்டி அவங்கள அங்க விட்டாங்க. மீள்குடியேற்றம்னா எங்க காணிக்கே விடணும்னுதான் அந்தச் சனங்க 2017ல ராணுவ முகாம் வாசல்லயே உக்காந்து போராடுனாங்க.