ஏரோபிக்: காற்றா, உயிர்வளியா?

பள்ளிப் பாடநூலில் ஏரோபிக் சுவாசம் ‘காற்றுள்ள சுவாசம்’. அதே தடத்தில், கால்பந்தில் பேசப்படும் ஏரோபிக் ஃபிட்னஸைத் தமிழில் ‘காற்றுள்ள உடற்தகுதி’ என்றால், ஆட்டக்காரரை விட்டுப் பந்தைப் பற்றிப் பேசுவதுபோல ஆகிவிடும்.

கிரேக்கத்தில் ‘ஆயர்’ காற்று, ‘பியோஸ்’ உயிர்வாழ்வு. 1860களில் லூயி பாஸ்டர் நுண்ணுயிர்களுக்காக இந்தச் சொல்லைப் பிரெஞ்சில் ஆக்கினார். அங்கே ‘காற்றுவாழ்’ என்பது கச்சிதம். உடற்பயிற்சிக்கு இதைப் பரவலாக்கியவர் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர், 1968இல். 1970 கால்பந்து உலகக் கோப்பைக்குத் தயாரான பிரேசில் அணி அவர் முறையைக் கைக்கொண்டது; அந்நாட்டில் மெல்லோட்டத்துக்கே ‘கூப்பர்’ என்று பேர் வந்துவிட்டது.

நுரையீரல் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதல்ல இங்கே விஷயம். இதயம் தள்ளும் ரத்தத்திலிருந்து தசை எவ்வளவு ஆக்சிஜனை, அதாவது உயிர்வளியை, எடுத்து எரிக்கிறது என்பதே. நம் பேச்சில் ‘தம்’ உண்டு. ஆனால் தம் கட்டுவது மூச்சை அடக்குவது. கபடிக்கு ஆகும், கால்பந்துக்கு ஆகாது (பீடிக்கும் அதே பேர்தான்). ஆகவே ஏரோபிக் ஃபிட்னஸ் ‘உயிர்வளித் திறன்’. அதன் அளவான விஓ2 மேக்ஸ் ‘உச்ச உயிர்வளி நுகர்வு’.

அலகு: ஒரு கிலோ எடைக்கு, ஒரு நிமிடத்துக்கு, இத்தனை மில்லிலிட்டர். ‘ஒரு கிலோவுக்கு’ என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 75 கிலோ நடுகள ஆட்டக்காரருக்கு 62, 90 கிலோ கோல்கீப்பருக்கு 52 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பாருங்கள்: 4.65 லிட்டர், 4.68 லிட்டர். எஞ்சின் ஒன்றுதான்; சுமக்கும் பாரம் வேறு. எடையால் நேராக வகுத்தால் பருத்த உடலுக்கு அநியாயம் என்பதால், ஆய்வாளர்கள் எடையின் 0.75 அடுக்கால் வகுப்பதும் உண்டு.

நார்வேயில் 1989 முதல் 2012 வரை 1,500க்கும் மேற்பட்ட ஆண் ஆட்டக்காரர்களை அளந்தார்கள். நடுகளத்தார் மற்ற இடங்களில் ஆடுபவர்களைவிட மேலே இருந்தார்கள். ஆனால் தேசிய அணிக்கும் கீழ்ப்பிரிவுகளுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடில்லை, சராசரி 62–64. இந்த எண் ஆடும் இடத்தைக் காட்டும், தரத்தைக் காட்டாது.

தரத்தைக் காட்டுவது வேகமாக ஓடி, சட்டென்று மூச்சு மீண்டு, மறுபடி ஓடும் ஆற்றல். அதற்குப் பேர் ‘மீள்திறன்’ என்று வைக்கலாம். டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ வகுத்த யோ-யோ சோதனை இதைத்தான் அளக்கிறது: 20 மீட்டர் போய்த் திரும்பி, 10 விநாடி மெல்ல நகர்ந்து, மீண்டும் ஓட வேண்டும், பீப் ஒலி வேகம் கூட்டிக்கொண்டே போகும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் உயர்தர ஆட்டக்காரர்கள் 2,260 மீட்டர், அடுத்த தரத்தினர் 2,040 மீட்டர் ஓடினார்கள்.

இந்தத் தூரத்தை 0.0084ஆல் பெருக்கி 36.4 கூட்டி விஓ2 மேக்ஸாக மாற்றும் வழக்கம் இருக்கிறது. மாற்றினால் 55.4, 53.5. களத்தில் 220 மீட்டராகத் தெரிந்த வித்தியாசம் 2 அலகுக்குள் அமுங்கிவிடுகிறது. கணக்குப் போட்டு எடுத்த இந்த 55ஐ, மூச்சை அளக்கும் முகமூடி மாட்டி டிரெட்மில்லில் நேராக அளந்த 62க்குப் பக்கத்தில் ஒரே அட்டவணையில் எழுதுவது அதைவிடப் பெரிய பிழை.