'எழுத வேண்டாம் சார்' என்ற காவலரும் பதக்கப் பட்டியலும்

ஜனவரி 26 காலையில் ஊட்டி அரசு கலைக் கல்லூரி மைதானத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். கலெக்டர் கொடியேற்றி முடித்ததும் காவலர்களை வரிசையாக அழைத்துப் பதக்கம் அணிவிப்பார். நானும் கைதட்டியிருக்கிறேன். ஆனால் என் கண் மட்டும் அந்த வரிசையில் இல்லாதவர்களைத் தேடும். மலையோர அரசு மருத்துவமனைகளில் பல வருஷம் டூட்டி டாக்டராக இருந்தவனுக்கு அது தொற்றிக்கொண்ட பழக்கம்.

அங்கே கொடுப்பது மாநில அரசின் பதக்கம். நாட்டு அளவிலான பதக்கங்கள் வேறு. அவை குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி அறிவிக்கப்படுபவை. காவல், தீயணைப்பு, ஊர்க்காவல், சிறை என்று துறைவாரியாக இருந்த 16 பதக்கங்களைச் சேர்த்து நான்காக்கிவிட்டார்கள். வீரதீரத்துக்கு இரண்டு, சேவைக்கு இரண்டு. 2024 குடியரசு தினப் பட்டியலில் மொத்தம் 1,132 பேர். அதில் வீரதீரப் பதக்கம் 277 பேருக்கு. ஜம்மு காஷ்மீரில் பணியாற்றியவர்கள் 133, நக்சல் பகுதிகளில் 119, மற்ற எல்லா இடங்களுக்கும் சேர்த்து 25. துப்பாக்கிக்கு எதிரே நின்றவர்கள்தான் அதிகம், நியாயம்தான்.

ஆனால் அந்தப் பட்டியலின் மிக உயர்ந்த இரண்டு வீரதீரப் பதக்கங்கள் எதற்குப் போயின என்று பாருங்கள். காங்கோ நாட்டில் புட்டெம்போ என்ற ஊர். ஐ.நா. அமைதிப் படைக்கு எதிராக 2022 ஜூலையில் அங்கே கலவரம் வெடித்தது. முகாமைக் கூட்டம் தாக்கியதில் எல்லைப் பாதுகாப்புப் படைத் தலைமைக் காவலர்கள் சன்வாலா ராம் விஷ்னோய், சிஷுபால் சிங் இருவரும் இறந்தார்கள். பதக்கம் அவர்களுடைய குடும்பத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. கூட்டத்தின் முன்னால் நின்று, கல்லடி வாங்கி, திருப்பி அடிக்காமல், உயிரோடு வீட்டுக்குத் திரும்பியவனை எந்தப் பட்டியலில் தேடுவது?

எங்கள் மலையில் கலவரம் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. பசுந்தேயிலைக்கு விலை கேட்டு மறியல், சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டாமென்று கடையடைப்பு, பந்தலூர் பக்கம் யானையோ சிறுத்தையோ ஒரு உயிரை எடுத்துவிட்டால் உடலைத் தர மறுத்துச் சாலையில் உட்காருவது. பெரும்பாலும் பேசித் தீர்ந்துவிடும். எப்போதாவது ஒரு கல் பறக்கும். அந்தக் கல் யார் தலையில் விழுந்தாலும் இரவு ஏழு மணிக்கு எங்கள் அவசரப் பிரிவுக்குத்தான் வரும்.

அப்படி ஒரு மாலையில் வந்தவர் ஒரு முதல்நிலைக் காவலர். மழைக்கோட்டு நனைந்திருந்தது. இடது காதைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். "ஒரு டி.டி. ஊசி மட்டும் போடுங்க சார்" என்றார்.

"ஏ.ஆர். போடணும்ப்பா" என்றேன்.

"நான் ஏ.ஆர். இல்லை சார், லோக்கல் ஸ்டேஷன்."

சிரித்துவிட்டேன். போலீஸில் ஏ.ஆர். என்றால் ஆயுதப்படை. எங்களுக்கு அது விபத்துப் பதிவேடு. அடிபட்டு வருபவர் யார், எப்போது, எங்கே, எதனால், யாரால் தாக்கப்பட்டதாகச் சொல்கிறார், காயம் எங்கே, எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம் என்று எழுதும் புத்தகம். அதை வைத்துத்தான் பிறகு காயச் சான்று தருவோம். சாதாரணக் காயமா, கொடுங்காயமா என்று அதில் வரும். எலும்பு முறிந்தாலோ ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போனாலோ அது கொடுங்காயம்.

விளக்கியதும் அவர் முகம் மாறியது. "எழுத வேண்டாம் சார். எறிஞ்சது எங்க ஹட்டிப் பசங்க. கேஸ் ஆனா அவனுங்க வேலைக்கே போக முடியாது. நாளைக்குத் திருவிழாவுல அவங்க அப்பன் முகத்துல நான் முழிக்கணும்."

ஹட்டி என்றால் படகர் ஊர். பெயர் சொல்ல வேண்டியதில்லை, 'கூட்டத்திலிருந்து வந்த கல்' என்று சொன்னால் அதையே எழுதிக்கொள்கிறேன் என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. வெளியே இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். ஒரு ஓ.பி. சீட்டில் மாத்திரை எழுதி, ஊசி போட்டு அனுப்பிவிட்டேன். அந்தத் தவறு என்னுடையது. காதுக்கு மேல் கல் பட்டு ரத்தம் கசிந்தால், மண்டை ஓட்டின் அடிப்பகுதியில் விரிசல் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். காதுக்குப் பின்னால் நீலம் பாரிப்பது அன்றைக்கே தெரியாது, ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். இன்னொரு வகை இதைவிட மோசம். அடிபட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார், டீ குடிப்பார். சில மணி நேரத்தில் வாந்தி, தூக்கக் கலக்கம், அப்புறம் மயக்கம். உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டிருக்கும். அப்போதெல்லாம் தலைக்காயம் என்றால் கோவைக்குத்தான் இறக்க வேண்டும். இப்போது ஊட்டியிலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் கூடலூரிலிருந்து அது ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலைப்பாதை. பந்தோபஸ்து முடிந்து குவார்ட்டர்ஸில் தனியாகப் படுத்துக்கொள்பவரை யார் எழுப்பிப் பார்ப்பது?

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்தபோது சுமார் 140 காவலர்கள் காயப்பட்டார்கள். அவர்களைக் கௌரவிக்க நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் தர அந்த ஆகஸ்டிலேயே சட்டம் வந்தது. 2022 டிசம்பரில் விழா எடுத்தார்கள். பதக்கம் மொத்தம் நான்கு. அவை காவல் தலைமையகங்களிலும் நாடாளுமன்றக் கட்டடத்திலும் அருங்காட்சியகத்திலும் வைப்பதற்கு. யார் நெஞ்சிலும் குத்துவதற்கு அல்ல. அன்று தலையில் அடிபட்ட ஒரு வாஷிங்டன் காவலர், பணிக்குத் திரும்பலாம் என்று சொல்லப்பட்டு, ஒன்பதாவது நாள் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். பணியில் பட்ட காயம்தான் அந்தச் சாவுக்குக் காரணம் என்று ஓய்வூதிய வாரியம் ஒப்புக்கொள்ள 2022 மார்ச் ஆனது. அதுவரை அவர் மனைவி போராட வேண்டியிருந்தது.

ஆகவே காவலர்களுக்கும், முக்கியமாக அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் சொல்கிறேன். பதக்கம் மேலிடத்தின் விஷயம். அது நம் கையில் இல்லை. அடிபட்ட அன்றே ஏ.ஆர். போட வைப்பது நம் கையில் இருக்கிறது. அந்த ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் பொது நாட்குறிப்பிலும் ஒரு வரி ஏற்றச் சொல்லுங்கள். தலையில் பட்டிருந்தால் அன்றிரவு தனியாகத் தூங்க விடாதீர்கள். இரண்டு வாரம் கழித்தும் தூக்கம் வராமல், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தால், மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பதக்கப் பரிந்துரைக் கோப்புக்காக என்னிடம் காயச் சான்றின் நகல் கேட்டு வந்தவர்கள் உண்டு. ஏ.ஆர். இல்லாதவருக்கு நான் எதைப் பார்த்து நகல் எடுப்பது?

இது போலீஸுக்காக மட்டும் சொல்வதல்ல. லத்தியடி வாங்கி அடுத்த கட்டிலில் படுத்திருப்பவருக்கும் அதே புத்தகம், அதே அளவுகோல். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 17 காவல்துறையினர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. கலவரம் ஓய்ந்த பிறகு, யார் வரம்புக்குள் நின்றார், யார் மீறினார் என்று சொல்லப்போவது காகிதம்தான். அதனால்தான் கலவரம் நடந்த கையோடு பதக்கம் அறிவிப்பதை நான் ரசிப்பதில்லை. விசாரணை முடியட்டும்.

அந்தக் காவலருக்கு வருவோம். ஏழெட்டு வருஷம் கழித்து அவர் மனைவி என்னைத் தேடி வந்தார். இடது காது சுத்தமாகக் கேட்பதில்லையாம். வயர்லெஸ் டூட்டி பார்க்க முடியவில்லை. மெடிக்கல் போர்டில், பணியில் பட்ட காயம் என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்களாம். பிளாஸ்டிக் உறையிலிருந்து மடிப்பு கிழிந்த ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். தேதி இருந்தது. 'காது வலி' என்று எழுதியிருந்தது. வேறொன்றும் இல்லை.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமாம்மா" என்றேன்.