மாஸ்டர் பிளான் வரைவு வந்த 2 மாதத்தில் வார்டு கவுன்சிலர் என்ன செய்யலாம்?

நகரமைப்பு என்றதும் கவுன்சிலர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது கட்டட அனுமதிக் கோப்புதான். அந்தக் கோப்பு மேசைக்கு வரும்போது காலம் கடந்திருக்கும். அந்த சர்வே எண் குடியிருப்பா, வணிகமா, விவசாயமா என்பதை ஊரின் நில உபயோகத் திட்டமான மாஸ்டர் பிளான் முன்பே முடிவு செய்துவிட்டது. விதிக்குள் அடங்கிய கட்டடத்தை மன்றத்தில் சத்தம் போட்டு நிறுத்த முடியாது.

74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 12-ஆவது அட்டவணையின் முதல் இனமாகவே நகரத் திட்டமிடலை வைத்தது. ஆனால் தமிழ்நாட்டில் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது மாநில அரசு. கவுன்சிலர் உள்ளே நுழைய இருக்கும் வாசல் சிறியது: நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 26. வரைவுத் திட்டம் தயாரான அறிவிப்பு அரசிதழில் வந்ததும், எழுத்து மூலம் ஆட்சேபணை, ஆலோசனை தர 2 மாதத்துக்குக் குறையாத அவகாசம் உண்டு. இதைத் தவறவிட்டால் லேசில் திரும்பக் கிடைக்காது. சென்னையின் இரண்டாம் மாஸ்டர் பிளான் வந்தது 2008-இல். அதன் இலக்காண்டு 2026.

அறிவிப்பு வந்த வாரமே கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் (சர்வே எண் வாரியான வருவாய்த் துறை நிலப் பதிவேடு) வாங்கி, வரைவின் நில உபயோக வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். முதலில் நீர்நிலை. குளத்துக்கு வரும் வாய்க்கால் அ-பதிவேட்டில் தனி சர்வே எண்ணில் 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருக்கும். வரைவிலோ பக்கத்து மனைகளின் மஞ்சள் நிறத்தில் கரைந்து, குடியிருப்பாகக் கிடக்கும். இதில் சதி இருக்க வேண்டும் என்பதில்லை. ஊர் முழுவதையும் அடக்கிய வரைபடத்தில் 3 மீட்டர் வாய்க்கால் ஒரு கோட்டின் தடிமன்கூட வராது. அப்படியே ஒப்புதலாகிவிட்டால், பிறகு மனைப்பிரிவு போடுபவர் காட்டுவது அந்த மஞ்சளைத்தான். 2015 டிசம்பரில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் ஏரியா சபைக்கு (வார்டின் பகுதிவாரி மக்கள் கூட்டம்) வருவார்கள்; வரைபடத்தை அங்கே விரித்துக் கேளுங்கள்.

'எங்கள் வார்டுக்குப் பூங்கா வேண்டும்' என்ற கடிதம் கட்டோடு கட்டாகப் போய்விடும். வருவாய் கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு, ஹெக்டேர்-ஏர் கணக்கில் பரப்பு, வரைவில் காட்டியிருப்பது, எப்படி மாற்ற வேண்டும், அ-பதிவேடு மற்றும் புலப்பட (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) நகல் ஆகியவை இருந்தால்தான் திட்ட அலுவலர் அதை வைத்து வரைபடத்தைத் திருத்த முடியும். ஒரு கோரிக்கைக்கு ஒரு கடிதம். தேதியிட்ட ஒப்புகை வாங்காமல் வர வேண்டாம். மன்றத் தீர்மானமும் சேர்ந்தால் கடிதத்துக்குக் கனம் கூடும். ஆனால் மன்றம் மாதத்துக்கு ஒருமுறை கூடினால் 2 மாதத்தில் கிடைப்பது இரண்டே கூட்டம். முதல் கூட்டத்தின் பொருள் நிரலில் ஏற்றாவிட்டால், இரண்டாவது கெடுவின் விளிம்பில் வந்து நிற்கும்.

வரைபடத்தில் பச்சை அடித்ததோடு பூங்கா வந்துவிட்டதாக நம்ப வேண்டாம். அதே சட்டத்தில் பிரிவு 38 என்று ஒன்று இருக்கிறது. பொதுப் பயனுக்கு ஒதுக்கிய தனியார் நிலத்தை, அறிவிப்பு வெளியான 3 ஆண்டுக்குள் கையகப்படுத்தும் அறிவிக்கையும் வெளியிடாமல், பேசியும் வாங்காமல் விட்டால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே சட்டம் கருதும். சாலை அகலப்படுத்தவும் பள்ளிக்கும் ஒதுக்கிய இடங்களுக்கும் இதே கதிதான். காரணம் அநேகமாக ஒன்றுதான்: பட்ஜெட்டில் யாரும் தொகை கேட்கவில்லை. வார்டில் உள்ள ஒதுக்கீடுகளை சர்வே எண்ணோடு பட்டியல் போட்டு ஒவ்வொரு பட்ஜெட் கூட்டத்திலும் கேட்டால், குறைந்தபட்சம் கேட்டதற்குப் பதிவாவது இருக்கும்.

அடுத்தது நில உபயோக மாற்றம், அதாவது திட்டத்தில் ஒரு நிலத்துக்குக் குறித்த உபயோகத்தை மாற்றக் கேட்பது. மன்றத் தீர்மானத்துக்கு வரும் இந்தக் கோப்புகள், தெருவிளக்குக் கொள்முதலுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் நடுவில் பொருள் எண்ணாக நின்று, 'ஆல் பாஸ்' கூச்சலில் போய்விடும். நிரல் கையில் வந்ததும் அவற்றை வட்டமிடுங்கள். அணுகு சாலை தளத்தில் உண்மையில் எத்தனை மீட்டர், மழைநீர் எந்த வாய்க்காலில் இறங்கும், ஒட்டியுள்ள சர்வே எண்கள் எந்த உபயோகத்தில் உள்ளன என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஒத்திவைக்கக் கோருங்கள். மறுத்தால் எதிர்ப்பை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். நிலம் உங்களுடையதோ உறவினருடையதோ என்றால், அதைச் சொல்லிவிட்டு அந்தப் பொருள் முடியும்வரை வெளியே இருங்கள்.