பதினோராவது தடவை கிடைத்துவிடும்

கடையில் பில் போட வரிசையில் நிற்கிறோம். வாங்க வேண்டியதெல்லாம் வாங்கியாகிவிட்டது. முன்னால் நான்கு பேர். பக்கத்தில், ஐந்து வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், மிட்டாயும் குட்டிப் பொம்மைகளும் தொங்குகின்றன.

"அம்மா, இது வேணும்."

"வேண்டாம்."

"ப்ளீஸ்ம்மா."

பத்துத் தடவை இப்படியே போகும். குரல் ஏறும். பின்னால் நிற்பவர் எட்டிப் பார்ப்பார். பதினோராவது தடவை, "சரி, இந்த ஒரு தடவைதான்" என்ற வார்த்தையோடு பொம்மை பில்லில் ஏறிவிடும்.

பார்ப்பவர்கள் குழந்தையைப் பிடிவாதக்காரன் என்பார்கள். இல்லாவிட்டால் அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்பார்கள். இரண்டுமே எனக்கு அவசரத் தீர்ப்பாகப் படுகின்றன. அங்கே நடந்தது ஒரு பாடம். பத்துத் தடவை கேட்டால் போதாது, பதினொன்று வேண்டும் என்பதைக் குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது.

இந்தப் பாடம் எப்படி ஏறுகிறது என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டினார். பொத்தானைக் கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்தால் புறா கொத்தும். தானியம் நின்றுபோனால் சீக்கிரமே அதுவும் விட்டுவிடும். ஆனால் சில நேரம் மூன்றாவது கொத்தலுக்கு, சில நேரம் இருபதாவதற்கு என்று கணக்கில்லாமல் விழுந்தால் கதை வேறு. தானியத்தை அடியோடு நிறுத்திய பிறகும் அது நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். அடுத்த கொத்தலில் விழுந்தாலும் விழலாமே! எப்போதாவது கிடைப்பதுதான் பழக்கத்தை இறுக்கிப் பிடிக்கிறது. என்றைக்குமே வாங்கித் தராத வீட்டைவிட, சில நாள் மறுத்துச் சில நாள் இறங்கிவரும் வீட்டில் அடம் நீடிப்பது இதனால்தான்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒருநாள் உறுதியாக இருப்போம் என்று பெற்றோர் முடிவெடுத்தால், நச்சரிப்பு குறைவதற்கு முன்னால் ஒருமுறை உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் அந்த உச்சத்தில்தான் மனம் இளகுகிறது. அப்புறம் என்ன, அடுத்த முறை குழந்தை அங்கிருந்தே தொடங்கும். பெற்றோருக்கும் பயிற்சி நடக்கிறது: பொம்மையைக் கொடுத்ததும் அழுகை நிற்கிறது, நிம்மதி வருகிறது, அதனால் அடுத்த தடவையும் கை தானாக நீள்கிறது. குடும்பத்துக்குள் இப்படி இருவரும் ஒருவரையொருவர் பழக்குவதை ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

சரி, அந்த ஆசை முதலில் எங்கிருந்து வந்தது? 1978-இல் கோல்ட்பர்க், கோர்ன் என்ற இரு ஆய்வாளர்கள் நான்கைந்து வயதுக் குழந்தைகளில் சிலருக்கு மட்டும் ஒரு பொம்மை விளம்பரத்தைக் காட்டினார்கள். பிறகு ஒரு கேள்வி: பொம்மை இல்லாத நல்ல பையனோடு விளையாடுவாயா, பொம்மை வைத்திருக்கும், அவ்வளவு நல்லவனல்லாத பையனோடா? விளம்பரம் பார்த்தவர்களில் அதிகம் பேர் பொம்மைக்காரனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

விளம்பரத்துக்கு நாக்கையும் ஏமாற்றத் தெரியும். 2007-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், மூன்று முதல் ஐந்து வயதுள்ள 63 குழந்தைகளுக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒன்று வெற்று உறையில், மற்றது மெக்டொனால்ட்ஸ் உறையில். கேரட்கூட பெயர் போட்ட உறையிலிருந்து வந்தால்தான் ருசி என்றார்கள் பலர். எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, விளம்பரம் என்பது நம்மை வாங்கவைக்கச் சொல்லும் பேச்சு என்பதே சரியாகப் பிடிபடுவதில்லை. கனடாவின் கியூபெக் மாகாணம் 13 வயதுக்குட்பட்டோரைக் குறிவைக்கும் விளம்பரங்களை 1980-இலேயே தடை செய்தது. ஆனால் இன்றைக்கு விளம்பரம் இடைவேளையில் வருவதில்லை, பெட்டியைப் பிரித்து "ஹை!" என்று குதிக்கும் இன்னொரு குழந்தையின் வீடியோவாக வருகிறது. அதை விளம்பரம் என்று சொன்னால் என் வயதுக்காரர்களே நம்புவதில்லை.

எது உள்ளே இருக்கிறதென்று தெரியாத பொம்மைப் பெட்டிகளையும் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டில் ஒன்று அரியது, அது எந்தப் பெட்டியிலோ! ஸ்கின்னரின் தானியக் கணக்கு இங்கே அட்டைப்பெட்டிக்குள் வந்துவிட்டது. ஒரு பெட்டி சின்னச் செலவுதான். ஆனால் எட்டாவது பெட்டியிலும் ஏற்கெனவே இருப்பதே வந்தால், ஒன்பதாவதைக் கேட்காமல் இருப்பது பெரியவர்களுக்கே கஷ்டம். வீடியோ கேம்களில் காசு கட்டித் திறக்கும் இதே மாதிரிப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வருகின்றன என்று 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் முடிவு செய்தது. அட்டைப்பெட்டி மட்டும் பொம்மைக் கடையில் ஜோராக விற்கிறது.

2001-இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு எனக்குப் பிடித்தமானது. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டிவி பார்ப்பதைக் குறைக்க ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். முடிவில், கடந்த வாரம் பொம்மை கேட்டதாகச் சொல்லும் வாய்ப்பு, பயிற்சி பெறாத பள்ளிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது. இது பிள்ளைகள் சொன்ன கணக்கு. பெற்றோரைக் கேட்டபோதோ, இரண்டு பள்ளிகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.