படுக்கைப் புண் உடல் சூட்டினால் வருவதில்லை

பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட தம் பெரியப்பாவுக்கு வால் எலும்பின் மேல் புண் வந்திருப்பதாகவும், உடன் தங்கிப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் அதை "உடல் சூடு" என்று சொல்வதாகவும், இது வயதின் கோளாறா அல்லது கவனிப்பின்மையா என்று எப்படி அறிவது என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நாம் சூடு என்று சொல்லிப் பழகிய எதுவும் இதற்குக் காரணம் அன்று. இளநீரும் வெந்தயமும் இந்தப் புண்ணை ஆற்றப் போவதில்லை.

காரணம் உடலின் பாரமே. தோலுக்கும் தசைக்கும் ஆக்சிஜனைக் கொண்டு சேர்ப்பவை தந்துகிகள் என்னும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள். இரத்தம் உள்ளே நுழையும் தமனிப் பக்கத்தில் அவற்றினுள் இரத்தத்தின் அழுத்தம் சராசரியாக 32 மில்லிமீட்டர் பாதரசம் என்பதை, நகக்கண் அருகே மிக நுண்ணிய கண்ணாடிக் குழலைச் செலுத்தி, 1930இல் அமெரிக்க உடலியலாளர் யூஜீன் லாண்டிஸ் அளந்து வெளியிட்டார். வெளியிலிருந்து அதைவிடக் கூடுதலான அழுத்தம் நெடுநேரம் நீடித்தால் தந்துகிகள் நசுங்கி, அந்த இடத்துத் திசு பட்டினி கிடக்கிறது. சாதாரண மெத்தையில் மல்லாந்து படுத்தாலே வால் எலும்பிலும் குதிகாலிலும் இந்த அளவு மீறப்படும். ஆனால், உறக்கத்திலும் நாம் அறியாமல் புரண்டுகொள்வதால் நமக்குப் புண் வருவதில்லை. பக்கவாதம் வந்தவருக்கு அந்த உறுத்தல் தெரிவதில்லை. தெரிந்தாலும் புரள முடிவதில்லை.

இதில் என்னை வியக்க வைப்பது புண் தொடங்கும் இடம். தோலைவிடத் தசைக்கு ஆக்சிஜன் தேவை அதிகம். எலும்பின் முனையை ஒட்டித்தான் அழுத்தமும் குவிகிறது. ஆகவே பல வேளைகளில் முதலில் அழுகுவது தோல் அன்று, எலும்பை ஒட்டிய ஆழத்துத் தசை. தோல் பளபளவென்றிருக்க, கொட்டையை வண்டு துளைத்துவிட்ட மாம்பழத்தைப் போல. தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்த்து உட்கார வைத்தால் இன்னொரு தொல்லை சேர்கிறது: தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்க, எலும்புக்கூடு மட்டும் கீழே சரிவதால், இடையிலுள்ள இரத்தக் குழாய்கள் இழுபட்டு மடங்குகின்றன. சிறுநீரில் நனைந்து ஊறிய தோலோ இந்த உராய்வுக்கு எளிதில் கிழிந்து கொடுக்கும்.

ஆழத்தில் நேர்ந்த சேதம் ஊதா நிறத் திட்டாக மேலே தெரிய, பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரம் ஆகிறது. திங்கட்கிழமை கண்ணில் படும் புண்ணின் வேர் வெள்ளிக்கிழமை இரவிலோ சனிக்கிழமையிலோ இருக்கலாம். திங்களன்று பணியில் இருந்தவர் யாரோ, அவர் மீது பாய்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நியாயம்.

சிவந்த இடத்தை விரலால் சில நொடிகள் அழுத்தி எடுங்கள். வெளுத்து மீண்டும் சிவந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது என்று பொருள். வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண்ணின் முதல் நிலை வந்துவிட்டது. நம் கருத்த, மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதால், சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும் காற்றடைத்த வளையத்தின் மேல் உட்கார வைப்பதும் சேதத்தைக் கூட்டும். நம் ஊர் வெயிலில் இலவம்பஞ்சு மெத்தையும் அதன்மேல் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் முதியவரின் தோலை என்ன செய்கின்றன என்று ஆராயப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. அதைக் கௌரவமான ஆராய்ச்சியாகக் கருதும் மனம்தான் நிதி ஒதுக்குவோரிடம் வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரு புண்ணை மட்டும் வைத்துப் புறக்கணிப்பு என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. இறுதி நாட்களில், எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும், தோல் தளர்ந்து புண்ணாவதுண்டு. ஆனால் புண்ணோடு வேறு சில சேர்ந்து வந்தால் கதை வேறு: பல இடங்களில் புண், நாற்றமடிக்கும் பழைய கட்டு, வளர்ந்து சுருண்ட நகம், அலமாரி உச்சியில் தூசி படிந்த மூக்குக் கண்ணாடியும் பல்செட்டும், மாதம் முடிந்தும் பிரிக்கப்படாத மாத்திரை அட்டை, வெடித்து வறண்ட நாக்கு. "அவர் தண்ணீரே கேட்கவில்லை" என்பது சமாதானம் ஆகாது. வயது ஏற ஏறத் தாகம் எடுக்கும் உணர்வே குறைகிறது, எனவே கேட்காமலே கொடுக்க வேண்டும்.

முதியவரிடம் பராமரிப்பவர் அருகில் இல்லாதபோது பேசுங்கள். பராமரிப்பவரிடம் இரவில் யார் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பகலும் இரவும், ஒரே ஆளால் அதைச் செய்ய முடியாது; பல வீடுகளில் புறக்கணிப்பாகத் தெரிவது தூக்கமின்றி ஓய்ந்துபோன ஒரு மருமகளின் உடல் அயர்ச்சி. அங்கே தேவைப்படுவது இன்னொரு ஜோடிக் கையும் காற்றறைகள் மாறி மாறி உப்பும் நல்ல ஏர் பெட்டும். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்பு, இயன்முறைச் சிகிச்சை தருவதால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம்.

வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று தோன்றினால், தேதியுடன் படம் எடுத்து, புண்ணின் அளவையும் நிலையையும் மருத்துவரை எழுதித் தரச் சொல்லுங்கள். முதியோர் உதவி எண் 14567 காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது. உயிருக்கு ஆபத்தென்றால் 108. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முதியவரோ, அவரால் இயலாதபோது அவர் அனுமதித்த வேறொருவரோ மனுக் கொடுக்கலாம். கவனித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு எழுதி வாங்கிய சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால், அதே சட்டத்தின் 23ஆம் பிரிவின் கீழ் ரத்து செய்யவும் கேட்கலாம்.